ஆறு ‘இ’: வயிற்று நோய்களை மனப்பாடம் செய்த கதை

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்றைக்கு விருந்தினர் யாரும் இல்லை. நான் மட்டும்தான். கொஞ்ச நாளாகவே பேசணும்னு நினைத்து, தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த ஒரு விஷயத்தைப் பேசப் போகிறேன். நடுவில் மலம், வாந்தி, ஏப்பம் எல்லாம் வரும். சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறவர்கள் ஒரு பாஸ் போட்டுவிட்டு அப்புறம் வாங்க.

எம்.பி.பி.எஸ். கடைசி வருஷம், மெடிசின் வைவா. எதிரே இரண்டு எக்ஸாமினர்கள். கை ஈரமாக இருக்கிறது, துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். ஒருவர் கேட்டார்: “ரொம்ப நாளா அஜீரணம்னு ஒரு பேஷன்ட் வர்றார். எந்தெந்த அறிகுறி இருந்தா சும்மா மாத்திரை கொடுத்து அனுப்பாம எண்டோஸ்கோபிக்கு அனுப்புவீங்க?”

மூச்சு விடாமல் சொன்னேன். அனீமியா, லாஸ் ஆஃப் வெயிட், அனோரெக்சியா, ரீசன்ட் ஆன்செட், மெலீனா, ஸ்வாலோயிங் டிஃபிகல்ட்டி. ஆறின் முதல் எழுத்துகளையும் சேர்த்தால் ‘அலார்ம்ஸ்’. எட்டு வினாடிகூட ஆகியிருக்காது. “வெரி குட்” என்றார். வெளியே வந்து ஃப்ரெண்ட்ஸோட டீ குடிச்சேன்.

அதற்கு ஒரு மாதம் முன்னால், பொங்கல் லீவில், எங்க வீட்டிலேயே ஒருத்தர் அந்த ஆறில் இரண்டை என்கிட்ட நேரா சொல்லியிருந்தார். எனக்கு உறைக்கவே இல்லை.

அவர் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால், டாக்டருக்குப் படிக்கிறவர்கள் இதையெல்லாம் எப்படி மண்டையில் ஏற்றுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் நான் எங்கே கோட்டை விட்டேன் என்பது புரியும்.

எதற்கு நிமோனிக்?

பள்ளிக்கூடத்தில் வானவில்லின் ஏழு நிறத்துக்கு ‘விப்ஜியார்’ படித்தோம் இல்லையா? அதுதான் நிமோனிக். நினைவுச் சூத்திரம்னு சொல்லலாம். பெரிய பட்டியலின் முதல் எழுத்துகளைக் கோத்து ஒரு வார்த்தையாக்கிக்கொள்வது. அந்த வார்த்தையைப் பிடித்து இழுத்தால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும்.

மனித மூளை ஒரே நேரத்தில் கையில் பிடித்திருக்கக்கூடிய விஷயங்கள் ஏழு, கூட இரண்டு, குறைய இரண்டு என்று ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1956-ல் எழுதினார். எங்க மெடிசின் புத்தகத்தில் ஒரு பக்கத்திலேயே அதைவிட அதிகம் இருக்கும். அதனால் பத்து விஷயத்தைக் கட்டி ஒரே மூட்டையாக்கிவிடுகிறோம். தூக்கிக்கொண்டு நடக்க வசதி.

இது மெடிக்கல் காலேஜ் கண்டுபிடிப்பு இல்லை. நம்ம ஊரில் இது ரொம்பப் பழைய வழக்கம். ஆத்திசூடி அகரவரிசையில் போகிறது. குழந்தைக்கு அடுத்த வரி மறந்தாலும் அடுத்த எழுத்து ஞாபகம் வரும், அந்த எழுத்து வரியை இழுத்துக்கொண்டு வரும். அந்தாதியில் ஒரு பாட்டு முடிகிற இடத்தில் அடுத்த பாட்டு தொடங்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பதினெண்கீழ்க்கணக்கில் இருக்கும் மூன்று நூல்கள். சுக்கு, மிளகு, திப்பிலி என்ற மூன்று மருந்தின் பெயரில் திரிகடுகம். அதில் ஒரு பாட்டுக்கு மூன்று கருத்து. ஐந்து வேர்களின் பெயரில் சிறுபஞ்சமூலம். பாட்டுக்கு ஐந்து கருத்து. ஏலம் முதலான ஆறு சரக்குகளின் பெயரில் ஏலாதி. பாட்டுக்கு ஆறு. சொல்வதெல்லாம் வாழ்க்கைக்கான அறிவுரை, ஆனால் கட்டியிருப்பது மருந்துப் பொட்டலம் மாதிரி எண்ணிக்கை போட்டு. எத்தனை என்று முதலிலேயே தெரிந்தால் ஒன்று விட்டுப்போனாலும் “இன்னும் ஒண்ணு இருக்கே”ன்னு மூளை தேட ஆரம்பிக்கும்.

இதே வேலையை பிரெஞ்சு டாக்டர் சார்க்கோ 1877-ல் செய்தார். பித்தநாளம் அடைத்து அதில் கிருமி சேர்ந்தால் மூன்று அறிகுறி: குளிர் காய்ச்சல், மஞ்சள் காமாலை, வயிற்றின் வலது மேல்பக்கம் வலி. இன்றைக்கும் இதற்குப் பெயர் சார்க்கோவின் மூன்று. 1959-ல் ரெனால்ட்ஸ், டார்கன் என்ற இரண்டு பேர் இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள்: ரத்த அழுத்தம் விழுவது, ஆள் குழம்பிப்போய்ப் பேசுவது. மூன்று ஐந்தாகிவிட்டால் உயிருக்கு ஆபத்து, மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது. நான் இதை ‘திரிகடுகம் சிறுபஞ்சமூலம் ஆனால் ஓடு’ என்றுதான் மனதில் வைத்திருக்கிறேன். எந்த எக்ஸாமினரிடமும் இதைச் சொன்னதில்லை.

நானே கட்டிய சில

ஹாஸ்டலில் படிக்கும்போது ஒன்று புரிந்தது. புத்தகத்தில் இருக்கும் நிமோனிக்கைவிட நாமே கட்டியது அதிக நாள் நிற்கும். கட்டுகிற வேலையிலேயே பாதி படித்துவிடுகிறோம்.

குடலில் நாள்பட்ட புண்ணை உண்டாக்கும் இரண்டு நோய்கள் இருக்கின்றன. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், க்ரோன்ஸ். பெயரும் குழப்பும், அறிகுறியும் குழப்பும். நான் பஸ்ஸாக மாற்றிக்கொண்டேன். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் ஒரு டவுன் பஸ். மலக்குடல்தான் டெர்மினஸ். அங்கிருந்து கிளம்பி ஒரு ஸ்டாப்கூட விடாமல் மேலே போகும், ஆனால் பெருங்குடல் எல்லையைத் தாண்டாது. சாலையின் மேல்தாரை மட்டும்தான் பெயர்க்கும். அதனால் ரத்தமும் சளியுமாக, அவசரமாக, அடிக்கடி வயிற்றுப்போக்கு. க்ரோன்ஸ் ஒரு எக்ஸ்பிரஸ். இங்கே நிற்கும், நாலு ஸ்டாப் விடும், அப்புறம் எங்கேயோ நிற்கும். வாயிலிருந்து ஆசனவாய் வரைக்கும் எந்த இடத்திலும் நிற்கலாம், ஆனால் அதிகம் நிற்பது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். போதாததற்கு இது மெட்ரோ வேலை மாதிரி ஆழமாகத் தோண்டும். குடலுக்கும் குடலுக்கும் நடுவில், குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவில் சுரங்கமே போட்டுவிடும். வயிற்று வலி, எடை குறைவு, விட்டுவிட்டு வரும் வயிற்றுப்போக்கு.

இன்னொன்று அல்சர். பாடப்புத்தகப்படி இரைப்பையில் புண் இருந்தால் சாப்பிட்டதும் வலி கூடும். அதனால் சாப்பிடவே பயந்து ஆள் மெலிவார். முன்சிறுகுடலில் புண் இருந்தால் வயிறு காலியாக இருக்கும்போது வலிக்கும், ராத்திரி ஒரு மணிக்கு எழுப்பிவிடும், ஏதாவது சாப்பிட்டால் அடங்கும். இது எனக்கு மாறி மாறிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் மோனையைப் பிடித்தேன். ‘இரைப்பைப் புண்ணுக்கு இட்லியும் எதிரி. முன்சிறுகுடல் புண்ணுக்கு முறுக்கும் மருந்து.’ இ-க்கு இ, மு-க்கு மு. அதற்கப்புறம் மாறவே இல்லை. தயவுசெய்து யாரும் அல்சருக்கு முறுக்கு சாப்பிடாதீங்க. அது ஞாபகத்துக்கு மட்டும்தான். நிஜ நோயாளிகளும் எப்போதும் இந்தப் பாடப்புத்தகப்படி நடந்துகொள்வதில்லை.

நிமோனிக் சொல்லாமல் விடுவது

வார்டுக்குப் போனபிறகுதான் இவற்றின் ஓட்டைகள் தெரிய ஆரம்பித்தன.

முதல் ஓட்டை, எல்லா எழுத்துக்கும் ஒரே உயரம். கணைய அழற்சி ஏன் வருகிறது என்பதற்கு உலகம் முழுக்க மாணவர்கள் படிப்பது ‘ஐ கெட் ஸ்மாஷ்ட்’. பதினோரு எழுத்து, பதினோரு காரணம். பித்தக்கல், மது, அடிபடுவது, ஸ்டீராய்டு, பொன்னுக்குவீங்கி என்று போகும். அதில் ஒரு எழுத்து தேள் கடிக்கு. டிரினிடாட் தீவில் இருக்கும் ஒரு வகைத் தேள் கடித்தால் நிஜமாகவே கணையம் வீங்கும். எந்த மாணவரை எழுப்பிக் கேட்டாலும் முதலில் தேளைத்தான் சொல்வார், ஏன்னா அதுதான் சுவாரசியம். ஆனால் நம்ம வார்டில் படுத்திருப்பவர்களில் பெரும்பாலானோருக்குக் காரணம் இரண்டே இரண்டுதான்: மது, பித்தக்கல். பட்டியலில் தேளும் மதுவும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் சமமாக உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது ஓட்டை, அது எந்த ஊரில் எழுதப்பட்டதோ அந்த ஊர்க் கண்ணோடு பார்க்கும். பித்தக்கல்லுக்கு ‘நாலு எஃப்’ என்று ஒன்று உண்டு. ஃபேட், ஃபீமேல், ஃபெர்ட்டைல், ஃபார்ட்டி. குண்டு, பெண், பிள்ளை பெற்றவர், நாற்பது வயது. சிலர் ஐந்தாவதாக ‘ஃபேர்’ என்றும் சேர்ப்பார்கள். வெள்ளைத் தோலாம். ஒரு தடவை வார்டில் ஒல்லியான ஒரு பையன், இருபத்தெட்டு வயசு, பிரியாணி சாப்பிட்டால் வலது பக்கம் மேலே வலிக்குதுன்னு வந்தார். நாங்க நாலு பேர் சுற்றி நின்று அல்சரா கேஸா என்று பேசிக்கொண்டிருந்தோம். நாலு எஃப்பில் ஒன்றுகூட அவரிடம் இல்லை. ஸ்கேனில் பித்தப்பை நிறைய கல். அப்புறம்தான் பேச்சுவாக்கில் சொன்னார், கல்யாணத்துக்காக இரண்டு மாசத்தில் பதினைந்து கிலோ குறைத்தாராம். வேகமாக எடை குறைத்தாலும் பித்தக்கல் வரும். கிராஷ் டயட்டில் இருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கோங்க.

பஸ் கதையிலும் இதே பிரச்சினைதான். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண் என்றால் வெளிநாட்டுப் புத்தகம் க்ரோன்ஸ் என்று கை காட்டும். நம்ம நாட்டில் அதே இடத்தில் குடல் காசநோயும் வரும், பார்க்க அச்சு அசல் அப்படியே இருக்கும். காசநோயா என்று பார்க்காமல் க்ரோன்ஸ் என்று ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் பரவிவிடும். என் எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் டிபி-க்கு ஸ்டாப்பே இல்லை. பிறகு நானே ஒன்று போட்டுக்கொண்டேன்.

நல்லதாகக் கட்டியதும் இருக்கிறது. குடல்வால் அழற்சிக்கு ஆல்ஃப்ரெடோ அல்வராடோ என்ற டாக்டர் 1986-ல் ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தார். அதன் எட்டு முதலெழுத்துகள் சேர்ந்தால் ‘மான்ட்ரெல்ஸ்’. தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலது கீழ்ப்பக்கம் நகர்வது, பசியின்மை, குமட்டல், காய்ச்சல் இவற்றுக்கெல்லாம் ஒவ்வொரு மார்க். ஆனால் வலது கீழ்ப்பக்கம் தொட்டால் வலிப்பதற்கும், ரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடியிருப்பதற்கும் இரண்டிரண்டு மார்க். மொத்தம் பத்து. எது கனம், எது லேசு என்பது அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது.

அந்த வலி ஏன் நகர்கிறது தெரியுமா? குடல்வாலிலிருந்து வரும் நரம்பும் தொப்புள் பகுதித் தோலின் நரம்பும் முதுகுத்தண்டில் ஒரே மட்டத்தில் போய்ச் சேர்கின்றன. ஆரம்பத்தில் மூளைக்கு எந்த இடம் என்று சரியாகத் தெரிவதில்லை, தொப்புளைக் காட்டுகிறது. வீக்கம் அதிகமாகி வயிற்றின் உள்சுவரைத் தொட்டபிறகு சரியான இடம் தெரிகிறது. இந்தக் காரணம் புரிந்த நாளிலிருந்து அந்த எழுத்து எனக்குத் தேவைப்படவில்லை.

பெரியப்பா

இப்போது பொங்கலுக்கு வருகிறேன்.

எங்க பெரியப்பாவுக்குத் திருச்சி உறையூரில் சைக்கிள் கடை. அறுபத்திரண்டு வயது. வாழ்க்கையில் ஆஸ்பத்திரி வாசல் மிதிக்காத ஆள். பொங்கலன்று எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பக்கத்தில் அவர். சாதாரணமாகச் சொன்னார்: “பாப்பா, கொஞ்ச நாளா சோறு நடு நெஞ்சுல நிக்குதும்மா. தண்ணி குடிச்சாத்தான் இறங்குது. போன வாரம் வடை அப்படியே நின்னுக்கிச்சு.”

நான் வடையை மென்றுகொண்டே சொன்னேன்: “வேக வேகமா சாப்பிடுறீங்க பெரியப்பா. கேஸாதான் இருக்கும். காலைல வெறும் வயித்துல ஒரு மாத்திரை போடுங்க.” மாத்திரை பெயரையும் சொன்னேன்.

அவ்வளவுதான். பத்து வினாடிப் பேச்சு.

அந்தப் பத்து வினாடி என்ன செய்தது என்று பிறகுதான் தெரிந்தது. பெரியம்மா இரண்டு மூன்று தடவை “டாக்டர்கிட்ட போய்ட்டு வாங்களேன்” என்று சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் பெரியப்பா சொன்ன பதில்: “நம்ம வீட்டு டாக்டரே சொல்லியாச்சு, கேஸுதான்.” மாத்திரை அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தாராம். இட்லி போய் கஞ்சி ஆச்சு. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டேன், உடம்புக்கு நல்லதுதான் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். மெலிந்ததைப் பார்த்து இரண்டு பேர் பாராட்டவும் செய்திருக்கிறார்கள்.

ஏப்ரலில் அண்ணன் போன் பண்ணினார். “பாப்பா, அப்பாவுக்குக் கஞ்சியே இறங்க மாட்டேங்குது. எண்டோஸ்கோபி பண்ணணுமாம்.” அன்றைக்கு ராத்திரி பஸ் பிடித்தேன். விக்கிரவாண்டி தாண்டும்போது சும்மா மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அனீமியா, லாஸ் ஆஃப் வெயிட், அனோரெக்சியா, ரீசன்ட் ஆன்செட், மெலீனா… கடைசி எழுத்தில் நின்றுவிட்டேன். ஸ்வாலோயிங். ‘கொஞ்ச நாளா’ என்றால் ரீசன்ட் ஆன்செட். ‘நடு நெஞ்சுல நிக்குது’ என்றால் ஸ்வாலோயிங். ஒரே வாக்கியத்தில் இரண்டு எழுத்தையும் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

உணவுக்குழாயில் கட்டி. புற்றுநோய்.

எனக்குத் தெரியாத விஷயமாக இருந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். தெரிந்த விஷயம். ஒரு மாதம் கழித்து மார்க் வாங்கிய விஷயம். ஏன் தட்டுப்படவில்லை? நிறைய யோசித்தேன். பரீட்சையில் கேள்வி கேள்வியாக வரும். வீட்டில் அது சாம்பார் வாளிக்கும் அப்பளத்துக்கும் நடுவில் வருகிறது. அதோடு, நான் மனப்பாடம் செய்த ஆறும் இங்கிலீஷில் இருந்தன. யாரும் எனக்கு வந்து “டிஸ்ஃபேஜியா” என்று சொல்லப்போவதில்லை. “நிக்குது”ன்னு சொல்வார்கள், “அடைக்குது”, “விக்குது”, “இறங்கல”ன்னு சொல்வார்கள். “மெலீனா” என்று ஒரு நோயாளியும் சொன்னதில்லை. “கருப்பா போகுது”, அதுவும் மூன்றாவது தடவை கேட்டால், தலையைக் குனிந்துகொண்டு.

ஆறு ‘இ’

பெரியப்பாவுக்கு முதலில் கீமோவும் ரேடியேஷனும் சேர்ந்து ஐந்து வாரம். வேறு எங்கேயும் பரவாததால் அதற்கப்புறம் ஆபரேஷன். கெட்டுப்போன உணவுக்குழாய்ப் பகுதியை எடுத்துவிட்டு இரைப்பையை மேலே இழுத்து இணைப்பார்கள். கொஞ்ச நாள் வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் ஆகாரம்.

அந்த ஆஸ்பத்திரி நாட்களில் ஒரு மத்தியானம் அவரிடம் சொல்லிவிட்டேன். “பெரியப்பா, பொங்கலன்னைக்கே நான் அனுப்பியிருக்கணும். எனக்குப் பரீட்சைக்கே வந்த கேள்வி அது.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “நீ அப்ப டாக்டர் இல்லம்மா. டாக்டருக்குப் படிக்கிற பொண்ணு. ரெண்டும் ஒண்ணுன்னு நான்தான் நினைச்சுட்டேன்.” திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அப்புறம், “அது என்ன ஆறு? சொல்லு” என்றார்.

அவருக்குச் சைக்கிள் வீலைப் பிரிக்கும்போது ஒரு பழக்கம் உண்டு. கழற்றக் கழற்ற ஒவ்வொரு பாகத்தையும் பழைய பேப்பரில் இடமிருந்து வலமாக வரிசையாக வைப்பார். மாட்டும்போது வலமிருந்து இடம். எதையும் மனப்பாடம் செய்ததில்லை, பேப்பரில் இடம் காலியாக இருந்தால் என்னமோ விட்டுப்போச்சுன்னு அர்த்தம். நான் ஆறையும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் “இதை எங்க கடைக்கு வர்ற ஆளு எப்படிச் சொல்லுவான்?” என்று கேட்டுக் கேட்டு வரிசையாக வைத்தார். அந்தக் கட்டிலில் வைத்துதான் எங்க ஆறு ‘இ’ பிறந்தது. எழுதிக்கோங்க.

ஒன்று, இளைப்பு. மாடிப்படி ஏறினால் மூச்சு இளைக்கிறது, முகம் வெளுத்திருக்கிறது. ரத்தசோகையாக இருக்கலாம். உள்ளே எங்கேயோ சொட்டுச் சொட்டாக ரத்தம் போய்க்கொண்டிருக்கலாம்.

இரண்டு, இளைத்தல். டயட் இல்லை, நடை இல்லை, ஆனால் உடம்பு இளைக்கிறது. “எடை குறைஞ்சிருக்கா?” என்று கேட்டால் “தெரியலையே” என்பார்கள். “பெல்ட்டுல புது ஓட்டை போட்டீங்களா? ஜாக்கெட் பிடிச்சுத் தைச்சீங்களா?” என்று கேளுங்க. உடனே பதில் வரும்.

மூன்று, இலையில் மீதி. முன்னால் வழித்துச் சாப்பிட்டவர் இப்போது பாதியில் கை கழுவுகிறார்.

நான்கு, இப்போதான். வாழ்நாள் முழுக்க வயிற்றுத் தொந்தரவே இல்லாதவருக்கு நடுவயது தாண்டி இப்போதுதான் புதிதாக ஆரம்பித்திருக்கிறது, வாரத்துக்கு வாரம் கூடுகிறது.

ஐந்து, இருட்டு. மலம் தார் மாதிரி கருப்பு, பிசுபிசுப்பு, ஒரு மாதிரி வாடை, தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கருப்பாகப் போகும். அதையும் சேர்த்துக் கேட்கணும். ரத்த வாந்தியும் இந்த வரிசையில்தான், ஆனால் அதற்கு யோசிக்கவே வேண்டாம், நேராக எமர்ஜென்சி.

ஆறு, இறங்கல. சாப்பாடு நிற்கிறது, அடைக்கிறது, தண்ணீர் குடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது. முதலில் கெட்டியான உணவு, அப்புறம் குழைந்த சோறு, அப்புறம் கஞ்சி என்று இறங்கிக்கொண்டே வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.

கடைசியில் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: “எனக்கு ஆறாவது, நாலாவது, அப்புறம் ரெண்டாவது. மூணு வந்திருக்கு. பாஸா ஃபெயிலா?”

இந்த ஆறு எதற்கு என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இவற்றை வைத்து யாருக்கும் கேன்சர் என்று முடிவு கட்ட முடியாது. அலாரம் அடித்தால் தீப்பிடித்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, எழுந்துபோய்ப் பார்க்கணும், அவ்வளவுதான். இவற்றில் ஒன்று இருக்கிற பலருக்குச் சாதாரணப் புண்ணாகவோ வேறு ஏதாவதாகவோ இருக்கும். அதே மாதிரி, ஒன்றுமே இல்லை என்பதால் எல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. ஒன்று இருந்தாலும் மெடிக்கல் ஷாப்பில் கேஸ் மாத்திரை வாங்கி மாசக்கணக்கில் ஓட்டாமல் டாக்டரிடம் போகணும். மாத்திரை எரிச்சலை அடக்கிவிடும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்.

நான் இப்போது பொது மருத்துவத்தில் முதுநிலை முதல் வருஷம். ஓ.பி.யில் ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் “வயிறு எரியுது, மாத்திரை கொடுங்க” என்று வருவார்கள். வரிசை பெரிசு, நேரம் இல்லை. ஆனாலும் ஆறையும் கேட்டுவிடுவேன், ஒரு நிமிஷம்தான் ஆகும். போன மாசம் ஒரு அண்ணன், ஆட்டோ ஓட்டுகிறவர். பெல்ட் கேள்வியைக் கேட்டதும் சிரித்துவிட்டு, ஆணியால் குத்திய புது ஓட்டையைக் காட்டினார். மூன்றாவதற்கும் ஆமா என்றார். எண்டோஸ்கோபியில் இரைப்பைப் புண். சதை எடுத்துப் பார்த்ததில் புற்று இல்லை, ஹெலிகோபாக்டர் கிருமிதான். பதினான்கு நாள் மருந்து. அவருக்கு இட்லிகூட எதிரியாகத்தான் இருந்ததாம்.

பெரியப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷத்தை நெருங்குகிறது. ஒரு நாளைக்கு ஆறு வேளை, ஒவ்வொரு வேளையும் கைப்பிடி அளவு. படுத்தால் சாப்பிட்டது மேலே வரும் என்பதால் தலைப்பக்கம் கட்டிலுக்கு இரண்டு செங்கல். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை செக்கப். அந்த மூன்று மாதம் முன்னாலேயே போயிருந்தால் என்ன மாறியிருக்கும் என்று அவருடைய டாக்டரிடம் கேட்டேன். “யாராலயும் சொல்ல முடியாது” என்றார். அந்தப் பதிலோடுதான் இருக்கிறேன்.

வடை சாப்பிட முடியாது. ஆனால் கடை திறக்கிறார். கடைக்கு வருகிறவர்களிடம் பங்க்சர் ஒட்டிக்கொண்டே ஆறையும் கேட்கிறாராம். பெரியம்மா புகார் சொல்கிறார், “சைக்கிள் விட வந்தவன்கிட்ட மலம் என்ன நிறம்னு கேட்குறாரு”ன்னு.

இந்த எபிசோடைக் கேட்கிற உங்களில் நிறைய பேர் வேலைக்காக வேறு ஊரில் இருக்கீங்க. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் பண்ணும்போது “சாப்பிட்டீங்களா?”ன்னு எப்படியும் கேட்பீங்க. அதோடு “ஒழுங்கா இறங்குதா?”ன்னும் கேளுங்க. பதில் வருகிற வரைக்கும் அடுத்த பேச்சுக்குப் போகாதீங்க.

நீங்களே கட்டிய நிமோனிக் எதாவது இருந்தால், எந்தப் படிப்புக்காக இருந்தாலும் சரி, குரல் பதிவாக அனுப்புங்க. நல்லதாக நாலைந்தை அடுத்த எபிசோடில் போடுகிறோம். வரட்டுமா?